ஹெச்ஐவி டெஸ்ட்: சொல்லாம எடுத்தா, எடுத்துட்டு விரட்டுனா என்ன பண்ணணும்

போன வருஷம் தெரிஞ்ச லாரி டிரைவர் அண்ணன் ஒருத்தருக்கு குடலிறக்க ஆபரேஷன், ஒரு தனியார் ஆஸ்பத்திரில அட்வான்ஸ் எல்லாம் கட்டியாச்சு. முந்தின நாள் ரத்தம் எடுத்தாங்க, எதுக்குன்னு சொல்லல. மறுநாள் காலைல "மெஷின் ரிப்பேர், பெரியாஸ்பத்திரிக்கு போயிருங்க"ன்னுட்டாங்க. கேஸ் ஷீட்ட வாங்கிப் பாத்தா மேல ஓரத்துல சிவப்பு மையில வட்டம். வார்டு ஆயாவுக்கு ஹெச்ஐவி விஷயம் தெரியுது, அண்ணனுக்கு தெரியல.

2018 செப்டம்பர் 10ல இருந்து இதுக்குன்னு தனிச் சட்டமே இருக்கு, ஹெச்ஐவி எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017. உங்க சம்மதம் இல்லாம இந்த டெஸ்ட் எடுக்கக் கூடாது, எடுக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கவுன்சிலிங் குடுக்கணும். அட்மிஷன்ல நீட்டுற ஃபார்ம்ல போட்ட கையெழுத்து இதுக்குச் செல்லாது, இந்த டெஸ்ட்டுக்குன்னு தனியா கேக்கணும். வேலைக்கு சேரவோ, வைத்தியம் பாக்கவோ, ஸ்கூல்ல சேக்கவோ "டெஸ்ட் எடுத்துட்டு வா"ன்னு நிபந்தனை போடுறதும் தப்பு. கம்பெனிங்க இத "ஃபிட்னஸ் செக்கப்"னு பேர மாத்தி நடத்துவாங்க, ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன டெஸ்ட்னு லிஸ்ட் கேளுங்க.

நீங்களா டெஸ்ட் எடுக்கணும்னா அரசு ஆஸ்பத்திரில "நம்பிக்கை மையம் எங்க"ன்னு மட்டும் கேளுங்க (ஹெச்ஐவி டெஸ்ட் எடுக்குற இடத்துக்கு அதான் பேரு), ஓபி சீட்டு போடுற இடத்துல விளக்கம் சொல்லிட்டு நிக்காதீங்க, அங்க இருந்து சத்தமா கத்துவாங்க, பின்னாடி உங்க தெருக்காரரே நின்னாலும் நிப்பாரு. காசு கிடையாது. உங்க ஊர்லதான் எடுக்கணும்னும் இல்ல, கூச்சமா இருந்தா பஸ் ஏறி அடுத்த ஊருக்கு போங்க. மையம் எங்க இருக்குன்னு 1097க்கு அடிச்சா சொல்லுவாங்க, அதுவும் இலவசம்.

ஓசில டெஸ்ட் ஆயிடும்னு ரத்ததானம் பண்ணப் போறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. தொத்துன புதுசுல டெஸ்ட்ல தெரியாது, உங்க ரத்தம் இன்னொருத்தர் உடம்புக்கு போயிரும். அதனாலதான் இப்ப நெகட்டிவ்னு வந்தாலும் சந்தேகப்படுற விஷயம் நடந்து 3 மாசம் கழிச்சு திரும்ப எடுக்கச் சொல்றாங்க. அதே மாதிரி பிரைவேட் லேப்ல ஒரே ஒரு கார்டு டெஸ்ட்ல "ரியாக்டிவ்"னு, அதாவது தொற்று இருக்கலாம்னு வந்தா அதோட முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க, நம்பிக்கை மையத்துல 3 வேற வேற கிட்ல பாத்துதான் உறுதி பண்ணுவாங்க. உறுதியானா ஏஆர்டி மையத்துல, அதாவது ஹெச்ஐவிக்கு மருந்து குடுக்குற அரசு மையத்துல, மாத்திரை இலவசம். ஒழுங்கா சாப்பிட்டு ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு குறைஞ்சு அப்படியே இருந்தா, உடலுறவு மூலமா துணைக்குப் பரவாது. டாக்டர்ங்களுக்கு இது தெரியாதா என்ன, தெரிஞ்சுதான் மெஷின் ரிப்பேர் ஆகுது.

இனி முக்கியமான இடம். விரட்டுறவங்க யாரும் ஹெச்ஐவின்னு வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. பெட் இல்ல, டாக்டர் லீவு, வீட்டு ஓனரா இருந்தா "பையனுக்கு கல்யாணம், வீடு வேணும்". அதனால வாய்வார்த்தைய வாங்கிட்டு கிளம்பாதீங்க. "எதுக்கு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புறீங்கன்னு எழுதிக் குடுங்க"ன்னு நில்லுங்க. எழுதித் தர மாட்டேன்னா தேதி, நேரம், சொன்னது யாரு எல்லாத்தையும் அங்கயே குறிச்சுக்கோங்க, பில்லு, லேப் ரிப்போர்ட் எதையும் விட்டுட்டு வராதீங்க.

20 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற ஆஸ்பத்திரில, 100 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற மத்த நிறுவனத்துல புகார் அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும். 3 மாசத்துக்குள்ள அவருகிட்ட எழுத்துல குடுக்கணும், "பாத்துக்கலாம், அடுத்த வாரம் வாங்க"ன்னு இழுத்தே அந்த 3 மாசத்த ஓட்டிருவாங்க, ஜாக்கிரதை. அதுக்கு மேல மாநில ஆம்புட்ஸ்மேன்னு இந்தச் சட்டப்படி புகார விசாரிக்கிற அதிகாரி ஒருத்தர், புகார் குடுத்து 30 நாளைக்குள்ள உத்தரவு போடணும், உயிருக்கு அவசரம்னா கூடுமானவரை 24 மணி நேரத்துல. கோர்ட்டுக்கு போனா உங்க பேர மறைச்சே வழக்கு நடத்தச் சொல்லிக் கேக்கலாம்.

அந்த ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல புகார் அதிகாரி யாருன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு இடத்துக்கு போன் போட்டுட்டு "அப்படி யாரும் இல்ல சார், கேன்டீன் பக்கத்துல சஜஷன் பாக்ஸ் இருக்கு"ன்னுச்சு. மனுவ ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ண ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி, ரசீத அண்ணனோட லைசென்ஸ் கவர்லயே வெச்சுட்டோம்.