‘கரப்ட்’ என்று சொன்னதும் அழித்துவிடாதீர்கள்

போன மாதம் ஒரு அம்மா எங்கள் எடிட்டிங் கடைக்கு வந்தார். சுருக்குப் பைக்குள்ளிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். இறந்துபோன கணவர் பேத்தியின் காதுகுத்தில் பேசிய வீடியோ அதில் இருந்தது.

“சத்தம் மட்டும் வருது தம்பி, படம் வரலை. வேற ஒரு கடையில காட்டினேன். ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, அழிச்சிடுங்கன்னாங்க.”

அதைக் கேட்டு, இருந்த மூன்று வீடியோக்களில் இரண்டை அழித்தும் விட்டார். வீடியோ எடுத்த ஐஃபோன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை வி.எல்.சி. என்ற இலவச வீடியோ பிளேயரில் போட்டேன், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இந்த வருடத்தில் இது ஐந்தாவது கேஸ். எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

சத்தம் வந்து படம் கறுப்பாக நின்றால், பெரும்பாலும் ஃபைலில் கோளாறு இருக்காது. சுருக்கி வைத்த படத்தைப் பிரித்துக் காட்டும் கோடெக் என்ற மென்பொருள் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். வி.எல்.சி. அதைத் தன்னோடே கொண்டுவருகிறது.

இதற்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியம், ஃபைல் பெயரின் வாலில் இருக்கும் எம்.ஓ.வி.யை எம்.பி.4 என்று மாற்றுவது. ஐயா, நம் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்ன இருக்கிறது? துவரம்பருப்பு. மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து யாராவது பாலில் கலக்குகிறோமா? எம்.ஓ.வி., எம்.பி.4, எம்.கே.வி. எல்லாமே பாட்டில்கள். உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கிய கோடெக் ஹெச்.264 ஆக இருக்கலாம், ஹெச்.265 ஆக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். லேபிளைக் கிழித்து வேறு லேபிள் ஒட்டினால் பருப்பு மாறாது. “சார், எனக்கு மாத்தினதும் ஓடுச்சே” என்பார்கள். எம்.பி.4 என்பதே ஆப்பிளின் எம்.ஓ.வி.யை வைத்து உருவானதுதான். இரண்டும் பங்காளிகள் என்பதால், உள்ளே பழைய ஹெச்.264 இருந்தால் சில பிளேயர்களில் ஓடிவிடும். வினையே அங்கேதான்: ஒருமுறை பலித்த வைத்தியத்தை எல்லா நோய்க்கும் கொடுக்கிறார்கள்.

சரி, ஹெச்.265 கோடெக் ஏன் பல கம்ப்யூட்டர்களில் கூடவே வருவதில்லை? காசு. ஹெச்.265 வெளிவந்தது 2013இல். அதன் காப்புரிமைக்குப் பணம் கேட்பவர்கள் ஒருவர் இல்லை, பல கூட்டணிகள். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புது ஐஃபோன்கள் நம்மைக் கேட்காமலே இதில்தான் பதிவு செய்கின்றன. மைக்ரோசாஃப்டோ விண்டோஸுக்கான அந்தக் கோடெக்கைத் தன் ஸ்டோரில் தனியாக விலைக்கு வைத்திருக்கிறது. சிறு தொகைதான். ஆனால் நான் எடுத்த வீடியோவை நானே பார்க்க இன்னொருவருக்கு ஏன் கப்பம் கட்ட வேண்டும்? பாரிஸில் மாணவர்கள் தொடங்கி, 2001இல் திறந்த மூலமாக வெளிவிட்ட வி.எல்.சி. இல்லாவிட்டால் எங்கள் தொழிலில் பாதிப்பேர் திண்டாடியிருப்போம். உரிமைத்தொகை கேட்காத ஏ.வி.1 கோடெக் 2018இல் வந்துவிட்டது. யூடியூப் பயன்படுத்துகிறது. ஃபோன் கேமராக்கள்தான் இன்னும் அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

அதுவரை கொஞ்சம் கவனமாக இருங்கள். படம் வரவில்லையா, முதலில் வி.எல்.சி.யில் போட்டுப் பாருங்கள். ஐஃபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ வைத்தால் ஹெச்.264இல் பதிவாகும். இடம் அதிகம் பிடிக்கும், 4கே தரத்தில் நொடிக்கு 60 ஃபிரேம் கிடைக்காது. காதுகுத்துக்கு அது வேண்டவும் வேண்டாம். பழைய டிவியில் ஓட வேண்டுமா, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஹெச்.264க்கு மாற்றிக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஆனால் மூல ஃபைலை அழிக்காதீர்கள். எடிட்டிங்குக்குக் கொடுக்கும் வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிட்டு “ஏன் சார் மங்கலா இருக்கு” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஃபோனை மாற்றும் முன் வீடியோக்களை இரண்டு இடத்தில் எடுத்து வையுங்கள். ஓடுகிறதா என்று திறந்தும் பாருங்கள்.

கடை வைத்திருக்கும் தம்பிகளே, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ‘கரப்ட்’ என்று சொல்லாதீர்கள்.

அந்த அம்மாவுக்காக, அழித்த இரண்டையும் மீட்க அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். அழித்த கையோடு பென் டிரைவை அப்படியே வைத்திருந்தால் கிடைத்திருக்கும். காலி இடம் இருக்கிறதே என்று பேரன் அதில் பாட்டு ஏற்றிவிட்டான். இரண்டாவது வீடியோவில் தாத்தா என்ன பேசினார் என்று அந்த அம்மாவுக்கும் சரியாக நினைவில்லை.