ஒரே 1 கேரட், ஆனா ஒண்ணு மட்டும் ஏன் சின்னதா தெரியுது?

வைரம் வாங்க வர்றவங்க முதல்ல கேக்குறது "எத்தனை கேரட்?"னுதான். கேக்கட்டும், கேக்க வேண்டியதுதான். ஆனா நிறைய பேர் அதோட நிறுத்திடுறாங்க, அத பாக்குறப்ப எனக்கு மனசே ஆறல.

கேரட்ங்கிறது வெறும் எடை. 1 கேரட்னா 200 மில்லிகிராம், அத நூறா பிரிச்சா ஒரு சென்ட், அதனால 0.75 கேரட் கல்ல 75 சென்ட்னு சொல்வோம். எடை போடுற தராசுக்குக் கண்ணாடி மூடி இருக்கும், ஏன்னா ஃபேன் காத்து பட்டாலே கடைசி எண் ஆடும். கல்லையும் நல்லா துடைச்சு ட்வீசர்லதான் வைப்போம். வைரத்தோட தரத்த சோதிச்சு ரிப்போர்ட் தர்ற ஜிஐஏ லேப்ல டெசிமலுக்கு அப்புறம் அஞ்சு இடம் வரைக்கும் பாத்துட்டு ரிப்போர்ட்ல ரெண்டு இடம்தான் போடுவாங்க, அதுலயும் மூணாவது எண் 9 ஆ இருந்தாதான் மேல ஏத்துவாங்க. 0.998 வந்தா அது 0.99 தான், 0.999 வந்தாதான் 1.00.

இவ்ளோ கறார் எதுக்குன்னா 1.00ஐ தொட்டதுமே ரேட் எகிறிடும். கட்டிங்ல கோளாறு ஆரம்பிக்கிறதும் இங்கதான். பட்டை தீட்டும்போது கச்சாக் கல்லுல பாதி எடை போயிடுறது சாதாரணம், அதனால எப்படியாவது 1.00ல நிறுத்தணும்னு அடிப்பக்கத்த ஆழமா விட்டு, இடுப்பு மாதிரி சுத்தி வர்ற கர்டில தடிமனா விட்டுடுவாங்க, எடை எல்லாம் மேல பாத்தா தெரியாத இடத்துல போய் உக்காந்துக்கும்.

ரவுண்ட் கல்லுக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கு, விட்டம் × விட்டம் × உயரம் × 0.0061, அளவு எல்லாம் மில்லிமீட்டர்ல. 6.5 விட்டம், 3.9 உயரம் போட்டுப் பாருங்க, 1 கேரட் வரும். 6.2 விட்டம், 4.27 உயரம் போட்டாலும் அதே 1 கேரட்தான், ஆனா மோதிரத்துல வச்சா ரெண்டாவது கல்லோட மேல தெரியுற பரப்பு கிட்டத்தட்ட 9 சதவீதம் சின்னது. நல்லா வெட்டின 96 சென்ட் கல்லு 6.4 மில்லிமீட்டர் இருக்கும், அது இந்த 1 கேரட்ட விட பெருசாவும் தெரியும், காசும் மிச்சம்.

அளவு மட்டும்னா கூட பரவால்ல, மினுமினுப்பும் போயிடுதே! வைரத்துக்குள்ள போற வெளிச்சம் அடிப்பக்கத்துல ரெண்டு தடவ பட்டுத் திரும்பி நம்ம கண்ணுக்கு வரணும். அடி ரொம்ப ஆழமானா வெளிச்சம் பக்கவாட்டுல கசிஞ்சு நடுவுல கறுப்பா தெரியும், ரொம்ப தட்டையானா உள்ள சாம்பல் நிறத்துல ஒரு வளையம் தெரியும். அப்புறம் என்னதான் சுத்தம் பண்ணாலும் அது மாறாது.

அதனால ரிப்போர்ட்ல எடைக்குப் பக்கத்துல மில்லிமீட்டர் அளவு, டெப்த் சதவீதம் (உயரம் விட்டத்துல எத்தனை சதவீதம்ங்கிறது), கர்டில் தடிமன் மூணையும் பாருங்க. ரவுண்ட்ல டெப்த் 59லருந்து 62.5 வரைக்கும் இருந்தா பொதுவா நல்லது, 65 தாண்டினா நான் எடுக்க மாட்டேன்.

நகையில பதிச்ச கல்லுன்னா பில்லுல மொத்த எடையிலருந்து தங்கத்தோட நிகர எடைய கழிச்சு 5ஆல பெருக்குங்க. 4.250 கிராம்ல 4.100 போனா 0.150, அப்போ 0.75 கேரட், வேற கல்லு எதுவும் இல்லன்னா பில்லுல போட்டிருக்கிற வைர எடையும் இதுவாத்தான் இருக்கணும். அது ஒரே கல்லா, இல்ல பொடிக் கல்லு எல்லாம் சேத்தான்னும் கேட்டுக்கோங்க, ஏன்னா மொத்தமா 75 சென்ட் வர்ற பொடிக் கல்லுங்களுக்கு ஒத்தக் கல்லோட விலை கிடையவே கிடையாது.