உணவுக்காடு தன் காலில் நிற்கும் வரை

பழமரம், புதர், கீரை, கிழங்கு, கொடி ஆகியவை ஒரே நிலத்தில் அடுக்கடுக்காக வளர்ந்து, உழவும் உரமும் அதிகம் கேட்காமல் ஆண்டுதோறும் பலன் தருவதே உணவுக்காடு. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ராபர்ட் ஹார்ட் 1960களில் தொடங்கி வளர்த்த தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.12 ஏக்கர்தான். ஆனாலும் உயர்மரம், சிறுமரம், புதர், செடி, தரைப்படர்வன, கிழங்கு, ஏறுகொடி என்று அவர் வகுத்த ஏழு அடுக்குகளே இன்றும் பல நாடுகளில் உணவுக்காடு அமைப்பதற்கு அடிப்படையாக இருக்கின்றன. காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, ஒரே நாளில் திரளாகக் கூடி நூற்றுக்கணக்கான கன்றுகளை நட்டுவிட்டுக் கலைந்துவிடும் குழுக்கள் உண்டு. அடுத்த கோடைக்குள் அந்த இடத்தில் புல்தான் மிஞ்சும். காடு தன் வேலையைத் தானே செய்யும் என்பது பொய்யல்ல. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய நிழலும் சருகும் மண்ணுயிர்களும் உருவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அவற்றின் வேலையைத் தன்னார்வலர்கள்தான் செய்தாக வேண்டும்.

முதிர்ந்த காட்டில் களையை அடக்குவது நிழல். பல பயிர்களின் தனி இலை, முழு வெயிலில் பாதிக்கும் குறைவான ஒளியிலேயே ஒளிச்சேர்க்கையின் உச்ச வேகத்தை நெருங்கிவிடுகிறது. அதனால் மேலடுக்கைக் கடந்து இறங்கும் ஒளி கீழுள்ள செடிகளுக்கும் பயன்படுகிறது. எல்லா அடுக்குகளையும் தாண்டித் தரையைத் தொடும் மிச்ச வெளிச்சமோ புல் செழிக்கப் போதாது. கன்றுகள் இடுப்புயரத்தில் நிற்கும்போது இந்த நிழல் கிடையாது. ஆகவே புல்லை அறுத்துச் சாய்த்து, ஒட்டுநாடாவை உரித்தெடுத்த பெட்டி அட்டைகளை விளிம்போடு விளிம்பு ஏறும்படி விரித்து நனைத்து, அதன்மேல் மரச்சீவலையோ சருகையோ 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மூடாக்காகப் பரப்ப வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி அவசியம். ஈரச் சருகு ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகிவிடும்.

மரச்சீவலை மண்ணோடு சேர்த்துக் கொத்திவிடுவது பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. சீவலில் கரிமம் (கார்பன்) தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) நூறு மடங்குக்கும் அதிகமாக இருக்கலாம். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் உடலுக்கோ ஏறத்தாழ எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து தேவைப்படுவதால், குறையும் பங்கை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. சீவல் மேலேயே கிடந்தால் இந்த இழுப்பு மேல்மண்ணின் மெல்லிய படலத்தோடு நின்றுவிடும்; கலந்துவிட்டால் வேர்கள் பரவும் ஆழத்திலேயே பற்றாக்குறை வந்து கன்று வெளிறிப்போகும். கொத்தாத மண்ணுக்கு இன்னொரு பலனும் உண்டு. பெரும்பாலான தாவரங்களின் வேரோடு கூடி வாழ்ந்து, தொலைவிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் பூஞ்சை இழைகள் அங்கே அறுபடுவதில்லை.

தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தருபவை அவரைக் குடும்பத்துச் செடிகள். ஒன்றை வேரோடு மெல்லத் தோண்டியெடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது. நம் குருதிச் சிவப்புக்குக் காரணமான புரதத்தின் உறவான லெக்ஹீமோகுளோபின்தான் அந்த நிறம். தழைச்சத்தைப் பிடிக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடாமல் அது காக்கிறது. ஆனால் இந்தச் சத்தில் பெரும்பகுதி அந்தச் செடியின் இலையிலும் வேரிலுமே தங்கிவிடுகிறது. கிளைகளை வெட்டிப் பழமரத்தின் அடியில் போட்டு மட்கச் செய்தால்தான் பக்கத்து மரத்துக்கு அது கணிசமாகப் போய்ச் சேரும். ஆண்டில் சில முறை ஒரு குழு கூடிச் செய்வதற்கு ஏற்ற வேலை இது.

ஆகவே எத்தனை கன்று நடலாம் என்பதை நிலத்தின் அளவைக் கொண்டு முடிவுசெய்யக் கூடாது. முதல் இரண்டு மூன்று கோடைகளில் தவறாமல் தண்ணீர் ஊற்ற எத்தனை பேர் வருவார்கள் என்பதே கணக்கு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2012இல் பணி தொடங்கிய பீக்கன் உணவுக்காட்டின் திட்டப் பரப்பு 7 ஏக்கர். முதல் கட்டமாக எடுத்துக்கொண்டதோ 2 ஏக்கருக்கும் குறைவு. எந்தக் குழுவும் இந்த அடக்கத்தைப் பின்பற்றலாம்.

நிலம் கிடைத்தவுடன் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி இரண்டு முறை நீர் நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மறுநாளும் நின்றால் அங்கே மேடு கட்டித்தான் நட வேண்டும். பழைய கட்டடமோ பெருஞ்சாலையோ அருகில் இருந்தால், பெயின்ட்டிலும் பெட்ரோலிலும் முன்பு கலந்திருந்த ஈயம் மண்ணில் தங்கியிருக்கக்கூடும். ஆய்வகச் சோதனைக்கு முன் கீரையும் கிழங்கும் வேண்டாம். உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குவதும் கன்று நடுவதற்கு முன்பே முடிய வேண்டும்.

நிழல் மூடத் தொடங்கியதும் களையெடுப்பு குறைந்து, கிளைகளை அளவோடு வெட்டிவிடும் கவாத்து வேலை கூடும். மேலடுக்கை அளவோடு திறந்துவிடாவிட்டால் கீழடுக்குகள் காய்ப்பதை நிறுத்திவிடும். திறமையற்ற வெட்டோ ஒரு கிளையின் பல ஆண்டு வளர்ச்சியை வீணாக்கும். ஆகவே கன்றுகள் சிறிதாக இருக்கும்போதே குழுவில் இரண்டு மூன்று பேரையாவது அனுபவமுள்ள தோட்டக்காரர் ஒருவரிடம் அனுப்பிக் கவாத்து கற்றுவரச் செய்வது நல்லது.