பெயருக்கு டைரக்டர் என்று ஒரு பதவி கிடையாது

நாகர்கோவிலில் தணிக்கைத் தொழில் செய்யும் நான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் வங்கி மேலாளர்களும் கையில் நோட்டீசுடன் வந்து, "நான் கம்பெனியில் பெயருக்குத்தான் டைரக்டர், எல்லாவற்றையும் எம்.டி.தான் பார்த்துக்கொண்டார்" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். சென்ற வாரமும் ஒருவர் வந்தார்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் அப்படி ஒரு பதவி இல்லை. உரிய கவனத்தோடும் சுயமான முடிவோடும் செயல்பட வேண்டும் என்று 166-ஆவது பிரிவு ஒவ்வொரு இயக்குநருக்கும் கட்டளையிடுகிறது. அன்றாட நிர்வாகத்தில் இல்லாதவர்களுக்கு 149(12) சிறிது விலக்கு அளித்தாலும், விழிப்போடு செயல்படாதவருக்கு அந்த விலக்கு கிடையாது. சம்பளம் வாங்கவில்லை என்பது இங்கே செல்லாது. கூட்டத்துக்கே போகவில்லை என்பது அதைவிட மோசம். பன்னிரண்டு மாதங்களில் நடந்த இயக்குநர் குழுக் கூட்டங்கள் எதற்கும் போகாதவரின் பதவி 167-ஆவது பிரிவின்படி தானே பறிபோகும், ஆனால் அதுவரையிலான பொறுப்பு போகாது.

உங்களை ஏன் டைரக்டராக அழைத்தார்கள் என்று யோசித்தீர்களா? "சார் இருக்கிறார், பயமில்லை" என்று மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ரப்பர் விற்ற பணத்தையும் வளைகுடாச் சம்பாத்தியத்தையும் மக்கள் கொண்டுவந்து கொட்டுவதற்காகத்தான். தனியார் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கவே கூடாது என்பதைச் சாரிடம் யாரும் சொல்வதில்லை. பணம் திரும்பாதபோது, பத்தாண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கும் டான்பிட் சட்டத்தின் (டெபாசிட் போட்டவர்களைப் பாதுகாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம்) கீழ் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அலைபவர்களில் அவரும் ஒருவராகிறார்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சத்யம் மென்பொருள் நிறுவனத்தில், தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருடைய மேட்டாஸ் கம்பெனிகளை வாங்கும் தீர்மானத்தை, பெயர்பெற்ற பேராசிரியர்கள் அமர்ந்திருந்த இயக்குநர் குழுதான் 2008 டிசம்பர் 16 அன்று ஏற்றது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பிறகே அது கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7-இல், கணக்குகள் பொய் என்று ராமலிங்க ராஜுவே எழுதிக்கொடுத்தார். (அந்தக் கணக்குகளில் தணிக்கையாளர்களின் கையெழுத்தும் இருந்தது, எங்கள் தொழிலுக்கு அது தலைகுனிவு.)

பென் டிரைவ் போன்ற டிஜிட்டல் கையொப்ப டோக்கனை எம்.டி.யின் மேசை இழுப்பறையில் விட்டுவைக்காதீர்கள், ஓ.டி.பி.யைப் போனில் வாசித்துக் காட்டாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். தீர்மானத்தில் உடன்பாடு இல்லையென்றால், அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அன்றைக்கே கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பி, நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதானால் எழுத்தில் விலகி, டி.ஐ.ஆர்-11 படிவத்தைக் கம்பெனிகள் பதிவாளருக்கு நீங்களே தாக்கல் செய்யுங்கள்; ஏனெனில் உங்கள் விலகலைத் தெரிவிக்க வேண்டிய அந்தக் கம்பெனி, பெரும்பாலும் தெரிவித்திருக்காது.