பற்றரி விளக்கு எரிந்தால் தண்ணீர் ஏன் கொதிக்கிறது?

தம்பலகாமத்தில் ஐப்பசி உழவு. அடுத்த வயல்காரர் வரம்பில் நின்று, ட்ரக்டர் எப்போது தன் பக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து டாஷ்போர்டில் பற்றரி படம் போட்ட சிவப்பு விளக்கு பற்றியது. ஓட்டிக்கொண்டிருந்த மச்சான் அசையவில்லை. "பற்றரி லைட்தானே. டீசல் மெசினுக்கு கரண்ட் எதுக்கு? இந்தத் துண்டை முடிச்சிட்டுப் பார்ப்பம்."

அவன் சொன்னதில் பாதி சரி. டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பழைய ட்ரக்டர்களில் டீசல் பம்பைச் சுற்றுவதும் என்ஜின்தான். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பற்றரியின் தயவு வேண்டாம். (அதற்காக ஓடும்போது பற்றரியைக் கழற்றிப் பார்க்காதீர்கள், பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஒல்டர்னேற்றருக்குள் இருக்கும் டயோட்டுகள் என்ற சின்னப் பாகங்கள் கருகிவிடும்.)

மீதிப் பாதி சில நிமிடத்தில் தெரிந்தது. வெப்ப முள் சிவப்புப் பக்கம் ஏறியது, ரேடியேற்றர் மூடியோரம் ஆவி சீறியது. பொனற்றைத் தூக்கினால், பெல்ட் அறுந்து கீழே கிடக்கிறது.

நம்மூரில் டைனமோ என்றே சொல்லிப் பழகிய ஒல்டர்னேற்றரையும், தண்ணீர்ப் பம்பையும், காற்றாடியையும் பெரும்பாலான ட்ரக்டர்களில் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் மின்சாரம் அந்தக் கணமே நின்றுவிடும், விளக்கும் உடனே எரியும். தண்ணீர் சூடேறச் சிறிது நேரம் எடுக்கும். அதனால்தான் பற்றரி விளக்கு முந்திக்கொள்கிறது. வெப்ப முள் தனியாக, மெல்ல மெல்ல ஏறினால் சங்கதி வேறு: ரேடியேற்றர் முகத்தில் பதரும் வைக்கோல் தூசியும் அப்பியிருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம். விளக்கும் முள்ளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் முள் கீழே இறங்கவும் கூடும். சூட்டை அளக்கும் உணரி தண்ணீரில் தோய்ந்திருக்க வேண்டியது, வெறும் ஆவியில் நிற்கிறது. 'அப்பாடா, ஆறிவிட்டது' என்று நினைத்தால் என்ஜின் போச்சு.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் இதுதான். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி போட்டிருந்தால், உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 111 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது, கொதிநிலையும் 100க்கு இறங்குகிறது. உள்ளே இருக்கும் அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து உங்கள் முகத்துக்குத்தான் பாயும்.

சரி, அந்தச் சிவப்பு விளக்குக்கு பெல்ட் அறுந்தது எப்படித் தெரியும்? தெரியாது. அந்த பல்பின் ஒரு முனை சாவி வழியாகப் பற்றரிக்கும், மறுமுனை ஒல்டர்னேற்றருக்கும் போகிறது. சாவியைப் போட்டு, என்ஜின் ஓடாமல் இருக்கும்போது ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மின்சாரம் ஓடும், பல்ப் எரியும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் 14 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். சமமான இரண்டு குளங்களுக்கு இடையே மதகைத் திறந்தாலும் தண்ணீர் ஓடாதல்லவா, அதேபோல் பல்ப் அணைந்துவிடும். பெல்ட் அறுந்தால் ஒல்டர்னேற்றர் பக்கம் மறுபடி விழுந்துவிடும், பல்ப் எரியும். பல வண்டிகளில் அந்த பல்ப் வழியே போகும் சின்ன மின்சாரம்தான் ஒல்டர்னேற்றரைத் தட்டி எழுப்புவதும். பல்ப் கருகினால் சார்ஜே ஏறாமல் போகலாம், விளக்கும் எரியாது. எனவே சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாவிட்டால் அதுவே ஒரு கோளாறுதான்.

பக்கத்தில் இருக்கும், எண்ணெய்க் குவளைப் படம் போட்ட ஒயில் விளக்குதான் எனக்குப் பயம். எங்கள் பொடியன்கள் அதை அலாவுதீன் விளக்கு என்பார்கள். அதன் சுவிட்சுக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. ஒயில் அழுத்தம் தகட்டைத் தள்ளினால் மின்தொடர்பு பிரிந்து விளக்கு அணையும். பல என்ஜின்களில் அதற்குச் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 10 இறாத்தல் போதும். வேலை செய்யும் என்ஜினுக்கோ அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆக, அணைந்த விளக்கு ஒயில் அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, அறவே இல்லாமல் போகவில்லை என்று மட்டும் சொல்கிறது. எரிந்தால் அப்போதே நிறுத்த வேண்டும். பெயரிங்குகளுக்கும் அவற்றில் சுழலும் தண்டுக்கும் நடுவே இருக்கும் ஒயில் படலம் போய்விட்டால் இரும்பை இரும்பு தின்னும்.

நிறுத்தி, ஒயில் மட்டம் பாருங்கள். மட்டம் சரி என்றால், என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றுங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் வயர் எங்கோ உரசி வண்டியின் இரும்பு உடலோடு தொடுகிறது. அணைந்தால் வயரில் பழுதில்லை. சுவிட்ச் கெட்டதா, அழுத்தம்தான் இல்லையா என்பதை கராஜில் அழுத்தமானி வைத்துத்தான் சொல்ல முடியும்.

மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் விளக்குகள் காரணமில்லாமல் மினுங்குவதும் உண்டு. அப்போது முதலில், பற்றரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் வயரைத் தேடுங்கள். அதன் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

எங்கள் வண்டி ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புது பெல்ட் மாட்டி, தண்ணீர் விட்டு, மச்சான் சாவியைத் திருப்பினான். இரண்டு சிவப்பும் எரிந்தன. ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் அணைந்தன. வரம்பில் நின்ற மனிதர் அதற்குள் வேறு ட்ரக்டர் பிடித்துவிட்டார்.