வண்டலூர் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது எப்படி?

2021 ஜூன் தொடக்கத்தில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்துபோனது. 11 சிங்கங்களின் மாதிரிகளைப் போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பியதில் 9 சிங்கங்களுக்குக் கொரோனா உறுதியானது. அதே மாதத்தில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தால், டெல்டா என்ற உருமாறிய வகை. அப்போது சென்னை மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காமல் மக்களை அலையவிட்ட அதே வைரஸ்.

அதற்கு முந்தைய ஆண்டு, கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பி, கறிக்கடைகளில் விலை சரிந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் ஆய்வகத்தில் கோழிகளுக்கு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்துப் பார்த்தும் தொற்று பிடிக்கவில்லை. சிங்கத்துக்கு வருகிறது, கோழிக்கு வரவில்லை. ஏன்?

நம் செல்களின் மேற்பரப்பில் ஏசிஇ-2 என்றொரு புரதம் இருக்கிறது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவுவதுதான் அதன் வேலை. கொரோனா வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருப்பவை, புரதம் கோக்கப்பட்டிருக்கும் மணிகளான அமினோ அமிலங்களில் சிலதான். பூனைக் குடும்பத்தில் அந்த இடம் ஏறக்குறைய நம்முடையதைப் போலவே இருக்கிறது. கோழியில் வெகுவாக மாறியிருக்கிறது. ஆய்வக எலிக்கும் ஆரம்பத்தில் இந்த வைரஸ் தொற்றவில்லை. பிறகு ஸ்பைக்கின் 1,273 அமினோ அமிலங்களில் 501-ஆவது மட்டும் அஸ்பரஜினிலிருந்து டைரோசினாக மாறிய வகைகள் வந்தன. அவை எலிக்கும் தொற்றின.

இதை வைரஸ் திட்டமிட்டுச் செய்வதில்லை. சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட தன் மரபணுவைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழை விழுகிறது. கொரோனா வைரஸ்களிடம் பிழை திருத்தும் புரதமே உண்டு, ஆனாலும் சில தப்பிவிடும். பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்கு லாபமில்லை. எப்போதாவது ஒன்று புதிய செல்லில் ஒட்ட உதவினால், அந்த வகை பெருகிவிடுகிறது.

சரி, ஒட்டிக்கொண்டால் போதுமா? போதாது. செய்திகளில் எல்லோரும் ஒட்டுவதைப் பற்றியே பேசினார்கள்; என்னைக் கேட்டால், உடலில் எந்த உறுப்பு பாதிக்கப்படும் என்பதில் அடுத்த கட்டத்துக்கும் அதே அளவு பங்கு உண்டு. ஸ்பைக்கை நம் செல்லின் நொதி ஒன்று வெட்ட வேண்டும். மடக்கிய குடையின் விசையைத் தட்டியதும் அது படக்கென விரிவதுபோல, வெட்டுப்பட்ட ஸ்பைக் உருமாறி நீண்டு, வைரஸின் உறையைச் செல்லின் சவ்வோடு இணைத்துவிடுகிறது. மரபணு உள்ளே இறங்குகிறது.

2019-இல் வந்த வைரஸின் ஸ்பைக்கில், 2003-இன் சார்ஸ் வைரஸில் இல்லாத ஒரு வெட்டுமிடம் இருந்தது. அதை வெட்டும் ஃபியூரின் என்ற நொதி உடலின் அநேகமாக எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அதனால் ஒரு செல்லில் உருவாகி வெளியேறும்போதே ஸ்பைக் பாதி தயாராகிவிடுகிறது. மீதி வெட்டைச் சுவாசப்பாதைச் செல்களின் மேலிருக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்-2 என்ற நொதி முடித்துவைக்கிறது. இதே வைரஸை அந்த இரண்டாவது நொதி இல்லாத குரங்குச் சிறுநீரகச் செல்களில் தொடர்ந்து வளர்த்தால், அந்த ஃபியூரின் வெட்டுமிடமே காணாமல் போய்விடுகிறது. அங்கே அதனால் பயனில்லை, இடைஞ்சல்தான். டெல்டாவில் இந்த வெட்டு இன்னும் சுலபமானது. ஒமிக்ரானோ டிஎம்பிஆர்எஸ்எஸ்-2-ஐ அதிகம் நம்பாமல், செல் தன்னை விழுங்கிய பிறகு உள்ளிருக்கும் நொதிகளைக் கொண்டு வேலையை முடிக்கிறது. அது நுரையீரலின் ஆழத்தைவிட மேல் மூச்சுப்பாதையில் நன்றாகப் பெருகியதற்கு இது ஒரு காரணம்.

உறுப்பு மாறும் கதைக்குப் பன்றிகளைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பன்றிக் குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரவழைத்துக் கொல்லும் கொரோனா வைரஸ் ஒன்று உண்டு. 1984-இல் பெல்ஜியத்தில் அதன் வாரிசு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஸ்பைக்கின் முனையிலிருந்து இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் அப்படியே உதிர்ந்திருந்தன. குடலில் பெருகும் திறன் போய், வைரஸ் மூச்சுப்பாதைக்குக் குடியேறிவிட்டது. நோய் லேசானது. அதுமட்டுமல்ல, இந்தச் சாதுவான வைரஸ் பண்ணைகளில் பரவப் பரவ, அது தந்த எதிர்ப்புசக்தியால் பழைய கொடிய நோயும் ஐரோப்பாவில் குறைந்தது.

பூனையில் நடப்பது இதற்கு நேர்மாறு. பூனைகளின் குடலில் சாதாரணமாக இருந்துவிட்டுப் போகும் கொரோனா வைரஸ், சில பூனைகளின் உடலுக்குள்ளேயே மாறி, வெள்ளணுக்களில் ஒன்றான மேக்ரோஃபேஜுக்குள் பெருகக் கற்றுக்கொள்கிறது. அப்புறம் அது உடல் முழுக்கப் போகிறது. சிகிச்சை தராவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். வழக்கமாக இந்த மாறிய வைரஸ் அடுத்த பூனைக்குத் தொற்றுவதில்லை. 2023-இல் சைப்ரஸ் தீவில் தொற்றியது, ஆயிரக்கணக்கான பூனைகள் செத்தன. அந்த வைரஸின் ஸ்பைக்கில் பெரும்பகுதி நாயின் கொரோனா வைரஸிலிருந்து வந்திருந்தது. ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் நுழைந்தால் படியெடுக்கும்போது பக்கங்கள் இப்படிக் கலந்துவிடும். நம் தெருக்களைப் போலவே அங்கும் நாயும் பூனையும் அக்கம்பக்கத்தில்தான் வாழ்கின்றன.

ஸ்பைக் எவ்வளவு மாறினாலும் மரபணுவைப் படியெடுக்கும் நொதி கொரோனா வைரஸ்களிடையே பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் மனிதர்களுக்கென்று வாங்கிவைத்திருந்த, அந்த நொதியின் படியெடுப்பைக் கெடுக்கும் மோல்னுபிராவிர் என்ற கோவிட் மாத்திரையைப் பூனைகளுக்கும் கொடுக்கச் சைப்ரஸ் அரசு அனுமதித்தது.