உடம்பு உளைவு, ஒரே யோசனை: ஸ்காபரோ தமிழர் எப்படி உடற்பயிற்சியைத் தொடங்கலாம்

கனடாவின் ரொறொன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் ஈழத்தமிழர் மருத்துவரிடம் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வது அரிது. "உடம்பெல்லாம் உளைவு, நித்திரை வருகுதில்லை, நெஞ்சு படபடக்குது, ஒரே யோசனை" என்பார்கள். இரத்தமும் ஈசிஜியும் சரி என்றதும் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது. இவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்து, முன்பு விரும்பிச் செய்த எதிலும் மனம் போகாவிட்டால், மனச்சோர்வா என்று குடும்ப மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உடற்பயிற்சி நன்றாகவே உதவும். "நாள் முழுக்க வேர்ஹவுஸில் பெட்டி தூக்குகிறேன், இதற்கு மேல் என்ன எக்சர்சைஸ்?" என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் வேலையில் வேகத்தை முடிவு செய்வது நீங்கள் அல்ல. ஒரே தசைகள்தான் திரும்பத் திரும்ப உழைக்கின்றன. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவு தரும் மனநலப் பலன் இந்த உழைப்பில் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. இவர்களுக்குக் கூடுதல் பாரம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் 15 நிமிட மெதுநடையும், முதுகையும் தோளையும் நீட்டித் தளர்த்துவதும் போதும்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மம்மா, அப்பப்பாக்களின் நிலை வேறு. ஊரில் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வந்ததே நடைதான். இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை ஐஸில் வழுக்கும் பயம், பஸ் ஏறத் தெரியாத தயக்கம், கதைக்க ஆளில்லாத வீடு. "நடவுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர்கள் நடக்கப் போவதில்லை. நேரம், துணை, இடம் மூன்றையும் முடிவு செய்து கொடுக்க வேண்டும். நல்ல நேரம், பிள்ளையைப் பள்ளியில் விட்ட உடனே. சப்பாத்தும் ஜக்கெற்றும் ஏற்கெனவே போட்டாயிற்று. வீட்டுக்கு வந்து கழற்றிவிட்டால் மறுபடி வெளிக்கிடுவது நடக்காது. பல மோல்கள் கடை திறக்குமுன்பே நடப்பவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடுகின்றன. வருமானம் குறைந்த குடும்பங்கள் நகரசபையின் 'வெல்கம் பாலிசி' மூலம் உடற்பயிற்சி வகுப்புகளுக்குக் கட்டண உதவி கேட்கலாம்.

முதல் கிழமை 10 நிமிடம், மூன்று நாள். அடுத்தடுத்த கிழமைகளில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டி, பிறகு நாட்களையும் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு கிழமைக்கு 150 நிமிடம். அங்கே போய்ச்சேர மாதங்கள் ஆனாலும் பரவாயில்லை. நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கிழமையில் இரண்டு நாள் கதிரையிலிருந்து எழுந்து உட்காருவதை எட்டுத் தடவை செய்யுங்கள். குசினி மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் 10 வினாடி நிற்பது, விழாமல் இருக்கப் பழக்கும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் மாத்திரையோ எடுப்பவர்கள் கவனம். நடையின்போது சீனி இறங்கினால் வரும் நடுக்கமும் வியர்வையும் பதற்றம் போலவே இருக்கும். பதற்றம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருப்பது ஆபத்து. நான்கு குளுக்கோஸ் மாத்திரை பொக்கற்றில் இருக்கட்டும். நடக்கையில் நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்துங்கள். ஓய்ந்தும் விடாவிட்டால் 911.

போரையும் சிறையையும் கண்டவர்களுக்கு உடற்பயிற்சியே சிலவேளை பயத்தைக் கிளப்பும். வேகமாகத் துடிக்கும் இதயத்தை உடம்பு பழைய ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. "மூச்சு வாங்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். யோகா வகுப்பில் கண்ணை மூடிப் படுக்கும்படி வற்புறுத்த வேண்டாம். கண் திறந்து, கதவு தெரியும் இடத்தில் உட்காரலாம். மூச்சை அடக்கும் பயிற்சியையும் விட்டுவிடலாம்.

நடை தொடங்கியதும் மனச்சோர்வு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்; குறைப்பதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அன்றே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு அழையுங்கள். இரவு பகல் எடுப்பார்கள், ஆனால் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான்; எனவே மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பேசட்டும்.